ஏழு வருஷம்னு முடிவு செஞ்சது யாரு, மாமா?

என் தங்கச்சி மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தி நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, இந்த மசோதாவை அவையில் அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன்." பள்ளியில் மாதிரிப் பாராளுமன்றப் போட்டியாம். இவள்தான் மீன்வளத் துறை அமைச்சர். கையில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்த வசனம்.

"மசோதாவிலே என்ன இருக்கு மக்ளே?" என்று கேட்டேன்.

"அது தெரியாது மாமா. அறிமுகம் செய்யுற வசனம் மட்டும்தான் எனக்கு. எதிர்க்கட்சித் தலைவர் எந்திரிச்சு எதிர்ப்பார். பிறகு குரல் வாக்கெடுப்பு. நிறைவேறிரும்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா கோர்ட்டுலதானே இருக்கிய. நாங்க சொந்தமா ஒண்ணு எழுதினா அது சட்டமாவுமா?"

குழித்துறையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 23 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். சட்டத்தின் பிரிவு எண்களோடுதான் என் பிழைப்பு. ஆனால் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'இந்தச் சட்டப்படி எனக்கு என்ன கிடைக்கும்' என்று கேட்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். 'நான் ஒரு சட்டம் எழுதலாமா' என்று கேட்ட முதல் ஆள் இந்தப் பிள்ளைதான்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து நிறையப் படித்தேன். மாதிரிப் பாராளுமன்றம் நேற்று வந்த திட்டமில்லை. 1962-இல் பம்பாயில் நடந்த அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டில் பேசப்பட்டு, 1966-67-இல் டெல்லிப் பள்ளிக்கூடங்களில் போட்டியாகத் தொடங்கியது. பிறகு கேந்திரிய வித்யாலயா, நவோதயா, பல்கலைக்கழகம் என்று பரவியது. நல்ல திட்டம்தான். சபையில் எப்படி எழுந்து நிற்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் காத்திருப்பது, கேள்வி நேரம் என்றால் என்ன என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பழகும். நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்று தொடங்கி, பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஆனால் நான் பார்த்த வரையில், வசனம் பெரியவர்கள் எழுதியதாகவே இருக்கிறது. எதிர்ப்பும் அவர்கள் எழுதிக் கொடுத்த எதிர்ப்புதான். பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை மீன்வள அமைச்சராக நிற்கிறது. அதன் வாயில் நம் கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

வேறு விதமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஜோ சிமிட்டியன் என்ற சட்டமன்ற உறுப்பினர் பல வருடம் ஒரு போட்டி நடத்தினார். 'இதற்கு ஒரு சட்டம் இருக்கணும்' என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதி அனுப்புங்கள் என்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார். தேர்வானதை மசோதாவாக்கி அவரே சபையில் கொண்டு போனார். பிள்ளைகள் தலைநகரம் சாக்ரமெண்டோவுக்குப் போய்க் குழு முன்னால் பேசினார்கள். சில உண்மையிலேயே சட்டமாகின. பிரேசிலிலும் இதுபோல உண்டு. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆளுக்கொரு மசோதா எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானவர்கள் தலைநகருக்குப் போய், பாராளுமன்றக் கட்டடத்திலேயே உட்கார்ந்து அதை விவாதிக்கிறார்கள். பரிசு நடிப்புக்கு இல்லை, யோசனைக்கு.

ஏன், நம் மாவட்டத்துக்கே இது அந்நியமில்லை. எட்வின் எம். ஜான் என்ற பாதிரியார் முன்னெடுத்து வளர்த்த அண்டைவீட்டுக் குழந்தைகள் பாராளுமன்றங்கள் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கிளம்பிப் போனவைதான். ஏறக்குறைய முப்பது வீட்டுக்கு ஒரு பாராளுமன்றம். அதில் பிள்ளைகளே பிரதமர், பிள்ளைகளே அமைச்சர். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, படிப்பை நிறுத்திய பிள்ளையைத் திரும்பச் சேர்க்கணும் என்று அவர்கள் எடுத்தது எல்லாம் கண்முன்னால் உள்ள காரியம்.

தங்கச்சி மகள் படிக்கிற பள்ளியின் சமூக அறிவியல் சார் எனக்கு ரொம்ப வருடப் பழக்கம். மறுநாள் புதுக்கடை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். போட்டி முடியட்டும், பிறகு பிள்ளைகளைச் சொந்தமாக ஒரு சட்டம் எழுதச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நீங்க வந்து உக்காருவியளா?" என்றுதான் கேட்டார். இரண்டு பேருமாக மூன்று கேள்வி எழுதினோம். நீ கண்ணால் பார்த்தது என்ன? அதற்கு என்ன சட்டம் வேணும்? அதை யார் செய்வார்கள், செலவு யாருடையது? ஒரு தாளுக்கு மேல் போகக்கூடாது.

41 தாள் வந்தது.

பாதிக்கு மேல் டிவியில் கேட்டது. தூக்குத் தண்டனை கொடுக்கணும், பிளாஸ்டிக்கை ஒழிக்கணும், லஞ்சம் வாங்கினால் வேலையைப் பறிக்கணும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் என்றாலே தண்டனை என்று நினைக்கும்படித்தான் நாம் அவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. இருக்கிற சட்டத்தையே திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தச் சட்டம் அவர்கள் கண்ணில் படும்படியாக நடக்கவில்லை என்றுதானே பொருள்? அந்தத் தாள்களையும் நான் தள்ளி வைக்கவில்லை.

மிச்சமிருந்த தாள்கள்தான் என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு பெண்பிள்ளை, பஸ்ஸில் மீன் கொண்டு போகிற பெண்களுக்காக எழுதியிருந்தாள். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது நாடு முழுக்கச் செய்தியானது. இவள் அந்தச் செய்தியை எழுதவில்லை. தன் பாட்டியின் அலுமினியச் சருவத்தை எழுதியிருந்தாள். அதன் மூடி சரியாகப் பொருந்தாதாம். பஸ் வளைவில் திரும்பும்போது மீன்தண்ணீர் வழிந்து யார் காலிலாவது படும். பாட்டி உடனே தன் முந்தானையால் துடைத்துவிடுவாள். அதனால் இறுக்கமாக மூடுகிற பாத்திரத்தை மீன்வளத்துறை கொடுக்கணும், கடற்கரை வழித்தடப் பஸ்களில் பின்வாசல் பக்கம் அதை வைக்கிற இடம் விடணும், அப்படி வைத்திருப்பவரை இறங்கச் சொல்லக்கூடாது. மூன்றே வரி. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது நினைவிருக்கும். உட்கார ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் வரலாமென்றால், சருவம் வைக்க ஓர் இடத்துக்கும் வரலாம்.

இன்னொன்று ஒரு பையன் எழுதியது. எங்கள் ஊரின் பொழிமுகத்தைப் பற்றி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குழித்துறையாறு கடலில் சேருகிற இடம் தேங்காய்ப்பட்டணம். மீன்பிடித் துறைமுகமும் அங்கேதான். முகத்துவாரத்தில் மணல் குவிந்து திட்டாகிவிடும். வள்ளம் உள்ளே வரும்போதோ வெளியே போகும்போதோ அலை தூக்கிப் போட்டால் கவிழ்ந்துவிடும். இப்படிப் போன உயிர்கள் பல. மணலைத் தோண்டணும், அலைத்தடுப்புச் சுவரை நீட்டணும் என்று பெரியவர்கள் கேட்காத நாளில்லை. அந்தப் பையன் கேட்டது அதைவிடச் சின்னது. 'பொழிமுகத்தில் இன்று எவ்வளவு ஆழம், மணல் எந்தப் பக்கம் என்று தினமும் காலையில் அளந்து போர்டில் எழுதி வைக்க வேண்டும். அளந்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.'

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அவனிடம் கேட்டேன். கடல் கொந்தளிப்பு, திடீரெனப் பொங்கி வரும் கள்ளக்கடல் எச்சரிக்கையெல்லாம் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்திலிருந்து போனுக்கே வருகிறதே, அது போதாதா? 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கள்ளக்கடல் கொண்டு போன பிறகு, அந்தச் சொல் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"அது கடலுக்கு உள்ளது. பொழிக்கு வராது" என்றான்.

"சரி, போர்டு வைக்கச் சட்டம் எதுக்கு மக்ளே? கலெக்டர் ஓர் உத்தரவு போட்டா போதாதா?"

கொஞ்சம் யோசித்தான். "உத்தரவு போட்ட சார் மாறிப் போனா போர்டும் போயிரும்லா."

வகுப்பே அமைதியானது. சட்டத்துக்கும் உத்தரவுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லிக் கொடுக்கத்தான் நான் போயிருந்தேன்.

மூன்றாவது தாளுக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிற பிள்ளை. அவள் எழுதிய முதல் வரி: 'எங்கள் சித்தப்பா இறந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியாது.' ஆழ்கடல் தொழிலுக்குப் போன விசைப்படகிலிருந்து இரவில் விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு வருடம் ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தி இப்போது எந்தப் படிவத்திலும் கணவர் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டுவிடுகிறாளாம்.

அந்த வெற்று இடத்தை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தின் பெஞ்சில் அப்படி வந்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மஞ்சள் பைக்குள் ரேஷன் அட்டை, மீனவர் அடையாள அட்டை, போலீஸ் ரசீது, கல்யாணப் போட்டோ. போட்டோவை ஏன் கொண்டு வந்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "ஆள் இருந்தாருங்கதுக்கு வேற என்ன காட்டணும்?" என்றாள் அந்த அம்மா. அதற்குப் பிறகு நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

இந்த ஏழு வருடம் எங்கிருந்து வந்தது? 1872-ஆம் வருட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. ஓர் ஆள் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு வருடமாகத் தகவலே இல்லையென்றால், உயிரோடிருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இது அப்படியே 111-ஆம் பிரிவாக இடம் மாறியது. எண் மாறியது, ஏழு மாறவில்லை.

வகுப்பில் இதை விளக்கியபோது அந்தப் பிள்ளை கேட்டாள். "ஏழு வருஷம்னு முடிவு செஞ்சது யாரு, மாமா? கடல் பாத்தவங்களா?"

ஊரைவிட்டுப் போன ஆள் எப்போதாவது திரும்பலாம் என்ற எண்ணத்தில் வைத்த கணக்கு அது. நடுக்கடலில் ராத்திரி தவறி விழுந்தவருக்கும் அதே கணக்குதான். இதை நான் சொல்லி முடிக்கும்போது என் தொண்டை கட்டிக்கொண்டது.

உண்மையில் அந்தப் பிரிவு, ஏழு வருடத்துக்கு முன்னால் இறப்பை நிரூபிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கூட இருந்தவர்கள் சாட்சி சொல்லலாம், கோர்ட் ஏற்கலாம். ஆனால் அதற்கு வழக்குப் போடணும், வக்கீல் வைக்கணும், கடலுக்குப் போகிற சாட்சிகளைக் கரையில் நிறுத்தி வைக்கணும். அதற்குப் பணமோ ஆளோ இல்லாத வீடு ஏழு வருடம் காத்திருக்கிறது. ஒகி புயலில் என்ன நடந்தது என்பது எங்கள் கடற்கரைக்கு மறக்காது. 2017 நவம்பர் 29, 30. தூத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர் உடலும் கிடைக்காமல் போனார்கள். அப்போது அரசு அந்த ஏழு வருடக் காத்திருப்பைத் தளர்த்தியது. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வந்தது. கூட்டமாகப் போனவர்களுக்குத் திறந்த கதவு, தனியாகப் போனவருக்கும் திறக்க வேண்டாமா? அவள் தாளின் கடைசி வரி ஏறக்குறைய இதுதான்.

மத்தியச் சட்டத்தை நாம் எப்படி மாற்றுவது என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சாட்சியம் என்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது. மாநிலமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இதை விளக்க எனக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஜல்லிக்கட்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் இளைஞர்களும்தான். ஜனவரி 21-இல் அவசரச் சட்டம், 23-இல் சட்டமன்றத்தில் மசோதா. பிராணிகள் வதைத் தடுப்பும் பொதுப் பட்டியல்தான். வழி இருக்கிறது.

வழி நீளம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டு வரும் மசோதாவைத் தனிநபர் மசோதா என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பாராளுமன்றத்தில் அப்படிச் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியானது 1970-இல். நம் திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவையில் நிறைவேறியபோது, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவை நிறைவேற்றிய தனிநபர் மசோதா அதுதான் என்று கொண்டாடினார்கள். அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அது கிளப்பிய பேச்சுக்குப் பிறகுதான் அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவை எடுத்தது.

இந்த மண் இப்படிக் கேட்டுப் பழகிய மண். நாம் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருக்கொச்சியோடுமாக 1956 நவம்பர் 1 வரை இருந்தவர்கள். திருவிதாங்கூரில் 1888-லேயே சட்டசபை வந்துவிட்டது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை. குடிகளின் பிரதிநிதிகள் வந்து குறை சொல்ல ஓர் இடம். நிலமும் வரியும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் அதில் இடம் இருந்தது. அந்தச் சபையில் நியமன உறுப்பினராகப் போய் நின்ற, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி, தன் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். உள்ளே நுழைய முடியாத பிள்ளைகளுக்காக உள்ளே ஒருவர் பேச வேண்டியிருந்தது. ஓட்டுரிமை இல்லாத நம் பிளஸ் ஒன் பிள்ளைகளின் நிலைமையும் ஒரு வகையில் இன்று அதுதான். கிராம சபைக்கு அவர்கள் வந்து உட்காரலாம். தீர்மானத்துக்குக் கை தூக்க 18 ஆக வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், சட்டம் எழுதுகிற இந்தப் போட்டி ஒரு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. மாவட்டம் முழுக்க, எல்லாப் பள்ளியிலும், வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளிடம் கேட்கட்டும். கோப்பையும் சான்றிதழும் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட முக்கியம், அவர்கள் எழுதியதைப் பொறுப்பில் உள்ள ஒருவர் படித்து, ஆகும் என்றோ ஆகாது என்றோ காரணத்தோடு பதில் எழுதணும். கன்னியாகுமரிக் கடற்கரைக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் இருப்பது கோட்டையில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்த மாதம் வீட்டில் கறிக்கு மீன் இருக்காது, எந்த மாதம் பீஸ் கட்ட முடியாது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தேதியோடு தெரியும். சட்டம் எழுதுகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதானே.

அந்த 41 தாள்களில் இந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத்தான். நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து மசோதா வடிவில் எழுதினோம். சுருக்கத் தலைப்பு, வரையறைகள், பிரிவுகள், கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை. என் தங்கச்சி மகள்தான் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் படியெடுத்தாள். அமைச்சர் வேலையைவிட இது கஷ்டம் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம்.

'காணாமற்போன மீனவர்' என்பதற்கு வரையறை எழுதும்போதுதான் நேரம் போனது. கரையில் ஒளிந்துகொண்டு இழப்பீடு வாங்குகிறவர் வந்தால்? பிள்ளைகளே கேட்டார்கள், பிள்ளைகளே பதிலும் சொன்னார்கள். படகு புறப்பட்டதற்குத் துறைமுகப் பதிவு இருக்கணும். கூட இருந்த இரண்டு பேராவது வாக்குமூலம் கொடுக்கணும். ஒரு வருடம் போகணும். ஆள் திரும்பி வந்தால் சான்றிதழ் ரத்து. எங்கள் வக்கீல் சார் அதைப் படித்துவிட்டு இரண்டே இரண்டு சொல்லைத்தான் திருத்தினார்.

அக்கரைப் பிள்ளை அன்று ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள். "இதிலே எங்கேயாவது சித்தப்பா பேரு எழுதலாமா மாமா?"

"சட்டத்திலே ஆளு பேரு வராது மக்ளே. எல்லாருக்கும் பொதுவாத்தான் எழுதணும்."

தலையாட்டினாள். சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் கிள்ளியூர்த் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புகிற மனுவில் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். மனு என்றால் பெயருக்குக் கீழே தகப்பன் பெயர் எழுதுவது வழக்கம். ஆயிரக்கணக்கான மனு எழுதியிருக்கிறேன், அந்த இடத்தில் வேறொன்றை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அவள் தன் பெயரை எழுதி, கீழே த/பெ என்று போட்டுத் தகப்பன் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். சித்தப்பாவின் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதி, 'அவர்களின் அண்ணன் மகள்' என்று முடித்தாள்.

சார் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து உறைக்குள் வைத்தேன். திங்கட்கிழமை தபாலில் பதிவு செய்து அனுப்பினோம். ஒப்புகை அட்டை இன்னும் திரும்பி வரவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் சாரிடம் கேட்கிறாளாம்.